கடல் கடந்து வந்த கள்ளிகள்



பழக்கடைகளில் இக்காலத்தே ஒரு புதிய பழத்தைக் காண்கிறோம். செந்நிறத் தோல், அத்தோலின்மேல் பசிய நுனியுடைய செதில்கள், அறுத்தால் உள்ளே வெண்ணிறச் சதையோ குருதி போன்ற செந்நிறச் சதையோ தோன்றும், அச்சதை முழுவதும் எள்ளைத் தூவினாற்போலக் கரிய விதைகள். டிராகன் பழம் என்று கடைக்காரர் கூறுவார். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த நாளில் இப்பெயரை எங்கள் ஊரில் எவரும் கேட்டதில்லை. இன்றோ மொட்டைமாடித் தொட்டிகளிலும் கொல்லைப்புறக் கற்றூண்களிலும் இதன் கொடி ஏறி நிற்கிறது. என் வீட்டுத் தோட்டத்திலும் நான்கு தூண்களில் அது படர்ந்திருக்கிறது.

இப்பழத்தைத் தரும் செடி கள்ளி இனத்தது என்றால் பலர் முகஞ்சுளிக்கின்றனர். கள்ளி என்றவுடன் நமக்குப் பாலையும் சுடுகாடும் நினைவுக்கு வருகின்றன. பொருள்தேடிச் சென்ற தலைவன் கடக்கும் வறண்ட வழியைப் பாடும்போதும், இடுகாட்டின் வெறுமையைப் பாடும்போதும் சங்கப் புலவர்கள் கள்ளியைக் காட்டினர். ஆனால் அப்புலவர்கள் கண்ட கள்ளி வேறு. நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட கள்ளி வேறு. இவ்வேறுபாட்டை அறியாதார்க்கு மேல்வரும் வரலாறு விளங்காது.

வேறுபாட்டை அறிவது எளிது. நம் நாட்டுச் சதுரக்கள்ளியையோ திருகுகள்ளியையோ சற்றே கீறினால் வெண்ணிறப் பால் வடியும். அப்பால் கண்ணிற் பட்டால் பெருந்தீங்கு விளையும். ஆகையால் சோதித்துப் பார்க்க முற்பட வேண்டா, என் சொல்லை நம்புங்கள். டிராகன் பழக் கொடியைக் கீறினாலோ பால் வராது. வழவழப்பான நீரே கசியும். மேலும் அதன் முட்கள் தண்டிலிருந்து நேரே முளைப்பதில்லை. பஞ்சுப்பொட்டு வைத்தாற்போன்ற சிறு மெத்தைகளிலிருந்து கொத்தாக முளைக்கும். இம்மெத்தை உடையனவே காக்டஸ் குடும்பத்துக் கள்ளிகள். அக்குடும்பம் முழுவதற்கும் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. மரக்கிளைகளில் நூல்போலத் தொங்கும் ஒரு சிறு கள்ளி ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாகவே வளர்கிறது. பறவைகளே அதன் விதையைக் கொண்டு சேர்த்திருக்கலாம் என்று அறிஞர் சிலர் கருதுகின்றனர். அதனை நீக்கினால், 1492-ஆம் ஆண்டில் கொலம்பசு கடல் கடப்பதற்கு முன் நம் முன்னோர் எவரும் இக்குடும்பத்துக் கள்ளியைக் கண்டிருக்க வழியில்லை.

டிராகன் பழச்செடி நம்மிடம் வந்த முதற் கள்ளியன்று. அதற்கு நெடுங்காலம் முன்னரே அதன் உறவினமான வேறொரு கள்ளி இங்கு வந்து, வேலியாக நின்று, காடாகப் பெருகி, ஊர்களை வளைத்து, பின் ஒரு பூச்சியால் மாண்டது. சப்பாத்திக்கள்ளி என்றும் நாகதாளி என்றும் வழங்குவது அதுவே. அதன் கதையை முதலிற் சொல்லிவிடுகிறேன்; புதிய விருந்தாளியின் இயல்பு அதனால் நன்கு புலப்படும்.

மெக்சிகோ நாட்டில் நொப்பால் என்று வழங்கும் சப்பாத்திக்கள்ளியின் மடல்களில் ஒருவகைச் சிறு பூச்சி ஒட்டி வாழ்கிறது. வெண்பஞ்சு போன்ற மாவைப் போர்த்திக்கொண்டு அது சாற்றை உறிஞ்சும். அதை நசுக்கினால் விரலில் செஞ்சாயம் படியும். கொச்சினீல் எனப்படும் சாயம் இதுவே. கார்காலத்தில் நம் நிலங்களில் ஊரும் செந்நிறத் தம்பலப்பூச்சியோடு இதனை மயங்கிக்கொள்ளக் கூடாது, அது வேறு. பெண்பூச்சிகளைச் சேகரித்து உலர்த்திப் பொடியாக்கிச் சாயம் செய்வர். ஒரு பவுண்டு எடை பெற ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும் என்பர். மெக்சிகோவை வென்ற இசுபானியர் இச்சாயத்தை ஐரோப்பாவுக்கு அனுப்பிப் பெரும்பொருள் ஈட்டினர். அதன் பிறப்பை மறைத்தே வைத்தனர். உலர்ந்த பூச்சி பார்வைக்குத் தானியம் போன்றிருந்தமையால், அது விதையா உயிரா என்று ஐரோப்பாவில் நெடுநாள் வழக்காடினர். ஒல்லாந்து நாட்டு லேவன்ஹூக் முதலியோர் உருப்பெருக்கியால் நோக்கிய பின்னரே ஐயம் தீர்ந்தது. 1777-இல் தியேரி தெ மெனோன்வில் என்னும் பிரெஞ்சுக்காரர் மருந்துச்செடி தேடும் அறிஞராக மெக்சிகோவின் ஓஹாக்கா வரை சென்று, பூச்சி ஒட்டிய மடல்களை ஒருவரும் அறியாமல் கடத்தி வந்தார். ஒரு பூச்சிக்காக ஓர் ஆடவர் உயிரைப் பணயம் வைத்தார் என்றால் அச்சிவப்பின் விலையை எண்ணிப் பாருங்கள்.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியும் இச்சிவப்பை நாடியது. அப்போது சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். தோட்டக்கலையில் தீராத வேட்கை கொண்டவர். பட்டுப்புழுவுக்காக முசுக்கட்டை மரங்களை நட்டவரும் இவரே. 1786-இல் சென்னையருகே புல்லின்மேல் ஒரு பூச்சியைக் கண்டு, இதுவே கொச்சினீல் என்று மகிழ்ந்து, இலண்டனில் இருந்த சர் ஜோசப் பாங்க்சுக்குக் கடிதத்தின்மேற் கடிதம் எழுதினார். அப்பூச்சி கொச்சினீல் அன்று என்று பின்னர்த் தெரிந்தது. ஆயினும் ஆர்வம் தணியவில்லை. உண்மைப் பூச்சி ஒருநாள் வந்தால் அதற்கு உணவு வேண்டுமே! ஆதலின் சைதாப்பேட்டைப் பக்கத்தில் கம்பெனியார் செலவில் நொப்பால் தோட்டம் ஒன்று அமைந்தது. ஆண்டர்சனின் உறவினரான ஆண்ட்ரூ பெரி அதனை மேற்பார்த்தார். பல நாடுகளிலிருந்து சப்பாத்திக்கள்ளி வகைகள் வருவிக்கப்பட்டன. விருந்தினர் வருமுன் பந்தி விரித்தாயிற்று, விருந்தினரைத்தான் காணோம்.

1795-இல் விருந்தினர் வந்தார். ஆனால் அழைத்தவர் வேறு, வந்தவர் வேறு. நீல்சன் என்னும் படைத்தலைவர் கப்பலில் வரும் வழியில் பிரேசில் நாட்டு ரியோ துறைமுகத்திலிருந்து பூச்சிகளைக் கல்கத்தாவுக்குக் கொணர்ந்தார். அவை மெக்சிகோவின் வளர்ப்புப் பூச்சி அல்ல, காட்டுப்பூச்சி. சாயம் தரத்தில் தாழ்ந்தது. பெரி வளர்த்த கள்ளிகளில் அது நன்கு தங்கவும் இல்லை. ஆனால் இந்நாட்டில் அதற்கு முன்னரே வேலியாகப் பரவியிருந்த ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியை அது கண்டதும் விடவில்லை. மடல் மடலாக உறிஞ்சி அழித்தது. வட இந்தியாவின் பல பகுதிகளில் அக்கள்ளி அருகிப் போயிற்று. சாயத்தொழில் நட்டமடைந்தது. அப்போதுதான் ஒருவர் மனத்திலேனும் ஒரு புதிய எண்ணம் எழுந்திருக்க வேண்டும்: கள்ளியைத் தின்பதே இதன் தொழிலானால், கள்ளி வேண்டாத இடத்துக்கு இதனை அனுப்பினால் என்ன? 1836-ஆம் ஆண்டு முதல் 1838-ஆம் ஆண்டு வரை அப்பூச்சியைத் தென்னிந்தியாவுக்குக் கொணர்ந்து விட்டனர். 1865-ஐ ஒட்டி இலங்கைக்கும் கொண்டு சென்றனர். களையை அழிக்க மனிதர் வேண்டுமென்றே ஒரு பூச்சியை ஏவிய முதல் நிகழ்ச்சி இதுவே என்று பூச்சியியல் நூல்கள் குறிக்கின்றன. உலகுக்கு வழிகாட்டிய இச்செயல் நம் மண்ணில் நடந்தது என்பதை நம் பாடநூல்கள் ஏனோ சொல்வதில்லை.

எனினும் கதை அங்கே முடியவில்லை. அப்பூச்சி வாய்க்கு ருசி தேர்ந்து உண்பது. ஒருவகைக் கள்ளியைத் தின்னும், அடுத்ததைத் தொடாது. அது தொடாத வகைகள் தென்மாவட்டங்களில் தடையின்றிப் பெருகின. மஞ்சட்பூவும் ஊதாச்சிவப்புக் கனியும் உடைய நாகதாளி அவற்றுள் முதன்மையானது. இதன் பரவலுக்குச் சைதாப்பேட்டைத் தோட்டமே காரணம் என்று சிலர் எழுதுவர். அவ்வாறு முடிவு கட்ட நான் உடன்படேன். ஆடுமாடு புகாத வேலி வேண்டும் என்று உழவர் தம் கையாலேயே மடலை ஒடித்து நட்டனர். ஒடிந்து விழுந்த மடல் ஒவ்வொன்றும் வேரூன்றியது. கனியைத் தின்ற பறவைகள் விதையைத் தூவின. ஒரு மருத்துவரின் தலையில் அத்தனை பழியையும் ஏற்றுதல் நேர்மையன்று.

என் பாட்டனார் 1900-ஐ ஒட்டிப் பிறந்தவர். அவர் இளமையில் எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் இடையே இருந்த புறம்போக்கு முழுவதும் நாகதாளிப் புதராகவே இருந்ததாம். ஆளுயரம் வளர்ந்த புதர். உள்ளே பாம்பும் கீரியும் காட்டுப்பன்றியும். வெட்டிப் புதைத்தால் புதைத்த இடத்தில் முளைக்கும். வெட்டி எறிந்தால் எறிந்த இடத்தில் முளைக்கும். பஞ்சக் காலத்தில் முள்ளைத் தீயிற் பொசுக்கி மடலை மாட்டுக்குப் போட்டதும், பிள்ளைகள் கனியைத் தின்று நா சிவக்கத் திரிந்ததும், அக்கனியின் நுண்முள் தொண்டையிற் சிக்கி அழுததும் அவர் வாயால் கேட்டிருக்கிறேன். பின் ஓராண்டு வெள்ளைப்பூச்சு பிடித்த மடல்களை மாட்டுவண்டியில் ஏற்றி வந்து புதர்களின்மேல் எறிந்தார்களாம். "சோறு போடுவதுபோல் எறிந்தார்கள், இரண்டு மழைக்குள் புதர் சாம்பலாயிற்று" என்பார்.

அவர் கண்டது 1926-ஐ அடுத்த நிகழ்ச்சி. அவ்வாண்டில் வட அமெரிக்க இனத்தைச் சேர்ந்த வேறொரு கொச்சினீல் பூச்சியை இலங்கையிலிருந்து சென்னை மாகாணத்துக்குக் கொணர்ந்தனர். இலங்கைக்கு அது ஆத்திரேலியாவிலிருந்து வந்தது. முன்னது தொடாத நாகதாளியை இது உண்டது. சில ஆண்டுகளுக்குள் பல்லாயிரம் ஏக்கர் நிலம் வெளியாயிற்று. கோயம்புத்தூரில் அரசுப் பூச்சியியலறிஞராக விளங்கிய டி. வி. இராமகிருஷ்ண ஐயர் 1931-இல் இது பற்றி எழுதினார். இதே காலத்தில் ஆத்திரேலியாவில் ஏறத்தாழ 6 கோடி ஏக்கரை இக்கள்ளி விழுங்கியிருந்தது. அர்செந்தீனாவிலிருந்து வருவித்த ஓர் அந்துப்பூச்சியின் புழுக்கள் அங்கே அதனைத் தின்று தீர்த்தன. நன்றி மறவாத குவீன்சுலாந்து மக்கள் பூனார்கா என்னும் சிற்றூரில் 1936-இல் அப்பூச்சியின் பெயரால் ஒரு மண்டபமே எழுப்பினர்.

இப்போது ஒரு வினா. தாயகமான மெக்சிகோவில் அடக்கமாக வளர்ந்த செடி, நம் நாட்டில் ஏன் காடாயிற்று? விடை எளிது. அங்கே அதனைத் தின்னும் பகைவர் இருந்தனர். கப்பலேறியபோது பகைவரை அக்கரையிலே விட்டுவிட்டு அது மட்டும் வந்தது. பகை வந்து சேர்ந்ததும் பழைய அளவுக்கு ஒடுங்கியது. செடி தனியே பிரயாணம் செய்கிறது. அதன் ஊரார் உடன் வருவதில்லை. ஊராருள் பகைவர் உண்டு. நண்பரும் உண்டு அல்லவா? நாகதாளி பகைவரை விட்டு வந்தது. டிராகன் பழச்செடியோ நண்பரை விட்டு வந்திருக்கிறது. ஒன்று அடங்காமல் பெருகியதற்கும், மற்றொன்று நம் மாடியில் பூத்துப் பூத்து உதிர்வதற்கும் இதுவே காரணம்.

இனி இவ்விரண்டாவது கள்ளியின் பயணத்தைப் பார்ப்போம். மெக்சிகோவின் தென்பகுதியும் நடு அமெரிக்காவும் இதன் பிறந்தகம். கரீபியத் தீவுகளின் பழங்குடியினரான தைனோ மக்களின் மொழியிலிருந்து பித்தாயா என்னும் பெயரை இசுபானியர் எடுத்துக்கொண்டனர். செதிலுடைய கனி என்பது அதன் பொருள் என்பர். யுக்கத்தான் பகுதியில் வாழும் மாயா மக்கள் வீட்டைச் சூழ்ந்த தோட்டத்திலே கல்மதிலின் மீதும் மரத்தின் மீதும் இக்கொடியை ஏற்றிவிடுகின்றனர். வீட்டுத்தோட்டச் செடி என்பது இதற்கு நாம் புதிதாகக் கொடுத்த தகுதியன்று. பிறந்த இடத்திலேயே அது பெற்றிருந்த தகுதி.

கடல் கடந்த பின் ஒவ்வொரு நாட்டார் இதனை ஒவ்வொரு பயனுக்கு வளர்த்தனர் என்பதே எனக்கு வியப்பளிப்பது. 1830-இல் ஹாவர்த் என்னும் ஆங்கிலத் தாவர அறிஞர் இதற்கு முதன்முதலாக அறிவியற் பெயரிட்டார்; அவர் கையில் இருந்த செடி சீனத்திலிருந்து வந்தது! அமெரிக்கச் செடி அதற்குள் சீனக்கரையில் ஊரூன்றியிருந்தது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? தென்சீனத்தார் இன்றும் இதன் பூவை உலர்த்திக் குழம்பிலிட்டு உண்கின்றனர். அவாய்த் தீவுகளின் ஒனலூலு நகரில் புனாஹோ என்னும் பள்ளி உண்டு. அதன் கல்மதிலில் 1836-ஐ ஒட்டிப் பாதிரியார் பிங்காமின் துணைவியார் நட்ட இக்கொடி வேலியாகப் படர்ந்து, பூக்கும் இரவுகளில் ஊராரைத் திரட்டுகிறது. பள்ளியின் மதிலைப் பூவால் மூடிய அவ்வம்மையாரை நினைக்கும்போது, கண்ணாடிச்சில் பதித்த மதில்களையே கட்டத்தெரிந்த நம் பள்ளிக்கூடங்களும் நினைவுக்கு வருகின்றன. வியத்நாமுக்கு 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் கொணர்ந்தனர் என்பது பெருவழக்கு. அந்நாட்டாரே அதைப் பழத்துக்காகப் பேணினர். தான் லோங், அதாவது பச்சைநாகம் என்று பெயரிட்டனர். தூணைச் சுற்றித் தலைவிரித்துத் தொங்கும் கொடியைப் பார்த்தவர்க்கு அப்பெயர் பொருந்தாது என்று தோன்றாது. நம் கடைகளில் வழங்கும் டிராகன் என்னும் பெயரும் அதன் வழி வந்ததே. 2021-இல் குசராத்து அரசு கமலம் என்று பெயர் மாற்றியது. பூவும் கனியும் தாமரை மொக்கைப் போன்றிருத்தலால் அப்பெயர் அழகியதே. ஆயினும் சந்தையில் பழைய பெயரே இன்றும் செல்கிறது.

வியத்நாமின் தென்கிழக்குக் கடற்கரையான பின்துவான் பகுதியில் இரவில் வானூர்தியிலிருந்து நோக்கினால், நிலமெங்கும் மின்விளக்குகள் வரிசை வரிசையாக எரியக் காணலாம். விழாவன்று, தோட்டம். பகற்பொழுது நீண்டிருக்கும் காலத்திலேதான் இச்செடி மொட்டுவிடும். குளிர்காலத்தில் இரவு நீளும்போது நடு இரவில் சில மணி நேரம் விளக்கேற்றி வைத்தால், செடி அதனைக் கோடை என்று கருதிப் பூத்துவிடுகிறது. நம் நாட்டிலும் ஏறத்தாழ வைகாசியிற் தொடங்கி ஐப்பசிவரை பூத்துப் பின் ஓய்வதற்கு இதுவே காரணம். மார்கழியில் மொட்டைக் காணோமே என்று உரத்தின்மேல் உரம் இட்டுச் செடியைக் கெடுக்க வேண்டா.

இசுரேல் நாட்டார் 1980-களில் நெகேவ் பாலைநிலத்தில் இதனை வளர்க்கத் தொடங்கியபோது இரண்டு இடர்களைக் கண்டனர். பென் குரியன் பல்கலைக்கழகத்து யோசெப் மிஸ்ராஹி முதலிய அறிஞர்கள் அவற்றை ஆராய்ந்தனர். முதலாவது வெயில். கள்ளிக்கு வெயில் எதற்கு ஊறு என்று நாம் நினைப்போம். ஆனால் இது பாலைவனக் கள்ளியன்று. காட்டில் மரநிழலில் ஒட்டி ஏறும் கள்ளி. கொடும்வெயிலில் தண்டு மஞ்சளித்து வெந்துபோகும். எனவே வலைப்பந்தலின் நிழலில் வளர்த்தனர். மொட்டைமாடியில் மேற்கு வெயில் படும்படி வைத்துவிட்டு, செடி பழுக்கிறதே என்று கேட்பவர்களுக்கு விடை இதில் இருக்கிறது.

இரண்டாவது இடர், நான் மேலே சொன்ன நண்பர் பற்றியது. இதன் பூ ஒரு சாண் அளவுக்கு மேல் நீண்டது, வெண்ணிறமானது, மணமுடையது, அந்தி கவிந்த பின் மலர்ந்து மறுநாட் காலை வாடிவிடும். பகலில் வரும் வண்டுக்காக ஏற்பட்ட பூவன்று இது. பிறந்த நாட்டில் தேனுண்ணும் வௌவால்களும் நீண்ட நாவுடைய அந்துப்பூச்சிகளும் இரவில் வந்து மகரந்தத்தைப் பூவுக்குப் பூ மாற்றுகின்றன. நெகேவில் அந்நண்பர் இல்லை. விடியலில் தேனீ வந்தது. ஆனால் சூல்முடி மகரந்தத்தாள்களைக் கடந்து நீண்டு நிற்பதால், தேனீ மகரந்தத்தை அள்ளிச் சென்றதேயன்றிச் சூல்முடியைச் சரியாகத் தீண்டவில்லை. மேலும் செஞ்சதை வகைகள் பலவற்றுக்குத் தம் மகரந்தமே உதவாது. வேறு செடியின் மகரந்தம் வேண்டும். ஆகவே மனிதரே இரவில் சென்று கையால் மகரந்தம் சேர்த்தனர். வௌவாலின் தொழிலை மனிதன் ஏற்றான்.

வீட்டில் வளர்ப்பாருக்கு வேண்டுவன சில உண்டு; அவற்றைச் சுருங்கச் சொல்வேன். ஓர் அடி முதல் ஒன்றரை அடி வரை முற்றிய தண்டை வெட்டி, வெட்டுவாய் உலரும் வரை சில நாள் நிழலில் வைத்து, அதன்பின் நடுக. உடனே நட்டால் வெட்டுவாயில் அழுகல் புகும். மண்ணில் மணலும் மட்கிய எருவும் மிகுந்திருக்க வேண்டும், நீர் தேங்கலாகாது. மற்றச் செடிகள் பகலில் இலைத்துளை திறந்து காற்றை வாங்கும். இதுவோ இரவில் திறந்து பகலில் மூடிக்கொள்வதால் நீரை வீணாக்குவதில்லை. அன்பு மிகுந்தவர் நாள்தோறும் குடம் குடமாக ஊற்றி வேரை அழுகச் செய்கின்றனர். ஐந்தடித் தூண் ஒன்று நாட்டி, உச்சியில் பழைய வண்டிச்சக்கரத்தின் வளையத்தையோ உருளிப்பட்டையையோ பொருத்துக. கொடி தன் காற்றுவேர்களால் தூணைப் பற்றி ஏறும். உச்சி வரை பக்கக் கிளைகளைக் களைந்துவிடவேண்டும். வளையத்தின்மேல் ஏறித் தொங்கிய பின்னரே அது பூக்க மனங்கொள்ளும்.

என் தோட்டத்தில் நின்றது செஞ்சதை வகை. இரண்டு பருவம் கணக்கின்றிப் பூத்தது. ஒரு பிஞ்சும் நிற்கவில்லை. எதிர்வீட்டு மாடியில் வெண்சதை வகை ஒன்று இருந்தது. அவ்வீட்டுச் சிறுமி ஒன்பதாம் வகுப்பு மாணவி. அறிவியலில் ஆர்வமுடையவள். நான் வௌவால் கதையைச் சொன்னதும், "ஐயா, அந்த வௌவாலின் வேலையை நான் செய்து பார்க்கட்டுமா?" என்று கேட்டாள். ஆடி மாதத்து ஓர் இரவு இரண்டு வீட்டுச் செடிகளும் ஒருங்கே பூத்தன. அவள் தன் வீட்டுப் பூவின் மகரந்தத்தைத் தட்டி ஒரு சிமிழில் எடுத்துக்கொண்டு, ஒன்பது மணிக்குத் தன் தந்தையாரோடு கைவிளக்குடன் வந்தாள். என் செடியில் அன்று ஏழு பூக்கள். அவற்றுள் நான்கின் சூல்முடியில் தூரிகையால் மகரந்தத்தைத் தடவினாள். மற்ற மூன்றையும் தொடவில்லை. காம்பில் வெள்ளை நூலைக் கட்டிவிட்டாள். "இவற்றையும் தொட்டுவிட்டால் தூரிகையால்தான் காய்த்தது என்று எப்படிச் சொல்வது, ஐயா?" என்றாள். முப்பத்தைந்து ஆண்டு ஆசிரியர் தொழிலில் கரும்பலகையில் எழுதி எழுதி நான் விளக்க முயன்ற செய்தி அது.

ஐந்தாம் நாள் நூல் கட்டிய மூன்றும் அடிவரை மஞ்சளித்தன. ஆறாம் நாள் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்தன. தூரிகை தீண்டிய நான்கும் பசுமையாகவே நின்று பருத்தன. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்துச் செதில்களின் நுனி வாடத் தொடங்கித் தோல் சிவந்தது. முதற்பழத்தை அச்சிறுமியே பறித்தாள். அறுத்தபோது கத்தியும் தட்டும் அவள் விரல்களும் சிவந்தன. பீட்ரூட்டின் சிவப்புக்கும் இதன் சிவப்புக்கும் நிறப்பொருள் ஒரே இனத்தது. ஆண்டர்சன் தேடிய பூச்சிச்சிவப்பு வேறு. அதனை அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளோ விதைகளை எண்ண முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.